உறைந்த பட்டாணியும் நம் முருங்கையும்

எங்கள் வட்டார உழவர் குழுவின் கையில் இப்போது ஒரு திட்ட அறிக்கை இருக்கிறது. வழவழப்பான தாளில் எழுபது பக்கம். காய்கறிகளை உறையவைத்துப் பொட்டலம் போடும் ஆலை ஒன்றைத் திருச்சிக்குப் பக்கத்தில் நிறுவலாம், மொத்தச் செலவு இரண்டரைக் கோடி, அதில் இரண்டு கோடி வங்கிக் கடன், மீதி ஐம்பது லட்சம் உறுப்பினர் பங்கு என்று அதில் இருக்கிறது. நூறு உறுப்பினர்கள், ஆளுக்கு ஐம்பதாயிரம். எங்கள் குழுவில் பெரும்பாலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்காரர்கள். ஐம்பதாயிரம் என்பது பலருக்கு வீட்டு நகையை அடகு வைத்தால்தான் புரளும். "சார், நீங்க பேங்க்ல முப்பது வருசம் கடன் குடுத்தவரு. இதுல கையெழுத்துப் போடலாமா, வேண்டாமான்னு படிச்சுச் சொல்லுங்க" என்று அறிக்கையை என்னிடம் தந்துவிட்டார்கள்.

படித்தேன். இதே போன்ற அறிக்கை நாளைக்கு உங்கள் ஊர்க் குழுவுக்கும் வரலாம். வருகிறது என்றே கேள்விப்படுகிறேன். அதனால் நான் படித்ததையும் போட்டுப் பார்த்த கணக்கையும் நம் இதழில் எழுதி வைக்கிறேன்.

அறிக்கையின் முதல் இருபது பக்கம் முழுக்க இந்திய உறைகாய்ச் சந்தை எப்படி வளர்கிறது என்பதுதான். மேல் நோக்கிப் போகும் அம்புக்குறிகள். இதில் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனியார் ஆய்வு நிறுவனங்கள் விற்கும் இந்தச் சந்தை அறிக்கைகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தொகை சொல்லும். ஒன்று உருளைக்கிழங்கு விரல் வறுவலையும் காய்கறிக் கணக்கில் சேர்த்திருக்கும். இன்னொன்று பரோட்டா, சமோசா, மோமோ வரைக்கும் சேர்த்திருக்கும். நகரத்தில் ஃப்ரீசர் பெட்டி நிறைந்து வழிகிறது என்பது உண்மை. தில்லை நகரிலோ கே.கே. நகரிலோ ஒரு பெரிய கடைக்குள் போய் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் மாவுப் பண்டமும் உருளைப் பண்டமும் இறைச்சிப் பண்டமும்தான். காய் என்று இருப்பது பச்சைப் பட்டாணி, அதற்கடுத்து ஸ்வீட் கார்ன், பிறகு கேரட்டும் பீன்ஸும் கலந்த பொட்டலம். கத்தரி இல்லை, அவரை இல்லை, முருங்கை இல்லை. ஸ்ரீரங்கத்தில் திதி நாளில் சமைக்கும் வாழைக்காய், புடலை, பாகல், கொத்தவரை எதுவும் அந்தப் பெட்டிக்குள் கிடையாது. இங்கிலீஷ் காய் என்று நம் பாட்டிமார் ஒதுக்கி வைத்ததுதான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. 'காய்கறிச் சந்தை வளர்கிறது' என்றால், எந்தக் காய் என்று கேட்க வேண்டும்.

பட்டாணி எப்படி ராஜா ஆனது

வேகமாக உறையவைக்கும் முறையைத் தொழிலாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, கடுங்குளிரில் பிடித்த மீன் நொடியில் உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் சுவை கெடாமல் இருப்பதையும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் பார்த்தார். 1930-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் அவருடைய உறைந்த பண்டங்கள் கடைக்கு வந்தன. நம் நாட்டில் இது வீட்டுச் சமையலறைக்குள் பரவலாக நுழைந்தது தேசிய பால்வள வாரியத்தின் வழியாகத்தான். 1988-ல் டெல்லியில் 'சஃபல்' கடைகள் தொடங்கின. பால் பூத் நடத்திய அனுபவத்தை வைத்துக் காய்கறி விற்றார்கள். அந்தப் பெயரில் வந்த உறைந்த பட்டாணிதான் வட இந்தியக் குடும்பங்களுக்கு இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது.

ஏன் பட்டாணி? யோசித்தால் பதில் எளிது. உத்தரப்பிரதேசத்திலும் பஞ்சாபிலும் குளிர்காலத்தில் மட்டும் மலைபோல் குவியும். மூன்று மாதம் விலை கிடையாது, ஒன்பது மாதம் காயே கிடையாது. பறித்த சில மணி நேரத்திலேயே அதன் இனிப்பு மாவாக மாறத் தொடங்கிவிடும், அதனால் உடனே உறையவைத்தால் சந்தையில் கிடக்கும் பச்சைக் காயைவிட ருசி நன்றாகவே இருக்கும். உருண்டை வடிவம், ஒரே அளவு, எந்திரத்தில் ஓடும். தோல் உரிக்கும் வேலை மிச்சம் என்பதால் வீட்டில் இருப்பவர் கூடுதல் காசு கொடுக்கத் தயங்குவதில்லை. கல்யாண சமையல்காரர் இருநூறு பேருக்குக் குருமா வைக்க வேண்டுமென்றால் பத்துப் பேரை உட்காரவைத்துப் பட்டாணி உரிக்க முடியுமா? பொட்டலத்தைக் கத்தரித்துக் கொட்டிவிடுவார்.

இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்ததால் பட்டாணி வென்றது. வேறு ஒரு காயைக் காட்டி 'இதுவும் அப்படியே விற்கும்' என்று யாராவது சொன்னால், இந்தக் காரணங்களில் எத்தனை அதற்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

உருளை வறுவலின் கதை வேறு மாதிரி. 1990-களின் தொடக்கத்தில் நாம் அதை அமெரிக்காவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். 2010-11-ல் இறக்குமதி உச்சத்துக்குப் போய் 7,863 டன் வந்தது. அதற்குள் கனடாவின் மெக்கெய்ன் நிறுவனம் 2007-ல் குஜராத்தின் மெஹ்சானாவில் ஆலை போட்டிருந்தது. உள்ளூர் நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. 2023-24-ல் இந்தியாவே 1,35,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது, மதிப்பு சுமார் 1,478 கோடி ரூபாய். சாதனைதான். ஆனால் அந்த ஆலைகள் நம் வீட்டு உருளையை வாங்குவதில்லை. சர்க்கரை குறைந்த, உலர்பொருள் மிகுந்த, நீளமான கிழங்கு வேண்டும். விதை அவர்கள் சொல்வது, நீர்ப்பாசனம் அவர்கள் சொல்வது, விலை நடவுக்கு முன்பே பேசியது. விலை விழுந்த ஆண்டில் அந்த ஒப்பந்தம் விவசாயியைக் காப்பாற்றுகிறது, மறுக்க மாட்டேன். அளவு குறைந்ததும் வடு விழுந்ததும் கழிவு என்று திரும்பும்போது அதை யார் தலையில் கட்டுவது என்பதும் அந்த ஒப்பந்தத்தில்தான் எழுதியிருக்கும். அதையும் படிக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.

நம் பக்கத்திலும் இதற்கு நெருங்கிய உறவுக்காரர் ஒன்று உண்டு. திண்டுக்கல் பக்கம் கெர்கின் எனும் குட்டி வெள்ளரி போடுகிறார்கள். உறையவைப்பதில்லை, உப்புநீரிலும் வினிகரிலும் ஊறவைத்துக் கப்பலேற்றுகிறார்கள். விதை, மருந்து, விலை எல்லாம் நிறுவனத்தின் கையில். சுண்டுவிரல் அளவுக் காய்க்கு நல்ல விலை, ஒரு நாள் தாமதித்துப் பறித்தால் காய் பெருத்து விலை பாதியாகும். வீட்டில் நாலு பேர் விடிகாலையில் கொடிக்குள் இறங்கினால்தான் கட்டும். உள்ளூரில் அந்தக் காயைத் தின்ன ஆள் இல்லை, அதனால் நிறுவனம் வேண்டாம் என்றால் ஆட்டுக்குப் போட வேண்டியதுதான். உள்ளூரில் விற்க முடியாத பயிரை ஒரே ஒரு வாங்குபவரை நம்பி வைக்கக் கூடாது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். முருங்கைக்கு அந்தக் குறை இல்லை.

'நாற்பது சதம் வீண்' என்ற பேச்சு

அறிக்கையின் இருபத்திரண்டாம் பக்கத்தில், 'இந்தியாவில் விளையும் காய்கனிகளில் 40 சதம் வீணாகிறது' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இதை மேடையில் கேட்டிருப்பீர்கள், அமைச்சர்களும் சொல்லியிருக்கிறார்கள். லூதியானாவில் இருக்கும் மத்திய அரசின் அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் நாடு முழுக்க அளந்து 2015-ல் வெளியிட்ட கணக்கு வேறு. காய்கறிகளில் இழப்பு பயிரைப் பொறுத்து 4.58 சதம் முதல் 12.44 சதம் வரை. பழங்களில் 6.7 முதல் 15.88 வரை. அதற்குப் பிறகு நபார்டின் ஆலோசனை நிறுவனம் 2022-ல் எடுத்த கணக்கிலும் காய்கறிக்கு 4.87 முதல் 11.61 சதம்தான். இதுவும் சிறிய இழப்பு இல்லை. ஆண்டுக்கு இருபது கோடி டன்னுக்கு மேல் காய்கறி விளையும் நாட்டில் பத்து சதம் என்றாலே இரண்டு கோடி டன். ஆனால் நாற்பது என்று வைத்துக்கொண்டு ஆலைக்குக் காய் 'சும்மா கிடைக்கும்' என்று கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு முதல் ஆண்டிலேயே கவிழ்ந்துவிடும். வீணாகப் போகிற காய் ஆலைக்கு ஆகாது. ஆலைக்கு முதல் தரக் காய்தான் வேண்டும்.

நம் வயலில் நடப்பதைப் பாருங்கள். காய் அழுகிப் போவதால் நாம் நஷ்டப்படுவது கொஞ்சம்தான். விலை அழுகிப் போவதால்தான் நஷ்டம். காய் வாங்கப்படுகிறது, தின்னப்படுகிறது, நமக்குப் பறிகூலி தேறவில்லை. ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்கு 33 காசு, வெங்காய விவசாயிக்கு 36 காசு, உருளை விவசாயிக்கு 37 காசு போய்ச் சேருகிறது என்கிறது. பாலில் இது எழுபது காசுக்குப் பக்கம். பால் காய்கறியைவிடச் சீக்கிரம் கெடும் பொருள். குளிரூட்டும் எந்திரம் மட்டும் அந்த எழுபது காசைக் கொண்டுவரவில்லை. கூட்டுறவுச் சங்கம் வைத்து, நிறுத்து, கொழுப்பு அளந்து, வாரம் தவறாமல் பணம் போட்ட ஏற்பாடு அதைக் கொண்டுவந்தது.

காந்தி மார்க்கெட் சொல்லும் பாடம்

காந்தி மார்க்கெட்டை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் பகலில் பார்த்தேன், வியாபாரிகளின் கணக்கு, பில், அடகு. இப்போது ராத்திரியில் பார்க்கிறேன், குட்டியானையில் முருங்கைக் கட்டோடு. கோட்டை மார்க்கெட்டாக 1868-ல் தொடங்கி, 1927-ல் விரிவாகிக் காந்தியின் பெயர் பெற்ற இடம். ஒட்டன்சத்திரத்துக் காய், நீலகிரிக் கேரட், மணப்பாறைக் கத்தரி, ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரி என்று எல்லாம் இரவோடு இரவாக இறங்கி, வெளிச்சம் வருவதற்குள் கைமாறிவிடும். இந்தச் சந்தையின் குளிர்பதனம் வேகம்தான். காய் நிற்பதே இல்லை.

அதனால்தான் கட்டடம் கட்டிச் சந்தையை நகர்த்தப் பார்த்தவர்களுக்குச் சுலபமாக நகரவில்லை. மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் ஏறக்குறைய 77 கோடி செலவில், ஆயிரம் கடைகளோடு, குளிர்பதன வசதியும் சேர்த்து மைய வளாகம் கட்டினார்கள். 2017-ல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. கடை சின்னது, ஊருக்கு வெளியே தூரம் என்றார்கள். 2020-ல் கொரோனா வந்து மார்க்கெட்டை மூடியபோது பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போனார்கள், திறந்ததும் திரும்பி வந்துவிட்டார்கள். இப்போது பஞ்சப்பூர் பேச்சு நடக்கிறது. பேருந்து நிலையத்தோடு சேர்ந்து வருவதால் அது எடுபடலாம், பார்ப்போம். சந்தை என்பது வாங்குகிறவன், விற்கிறவன், சுமை தூக்குகிறவன், கடன் கொடுக்கிறவன் நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பது. சுவரும் குளிரறையும் அதற்குப் பின்னால் வர வேண்டியவை.

என் மண்டிக்காரரிடம் இந்த ஆலைத் திட்டத்தைச் சொன்னேன். படித்தவர் இல்லை, ஆனால் நாற்பது வருட மண்டி. "பேங்க் சார், காயை ஐஸ்ல வைக்கிறது கஷ்டமில்ல. வச்ச காயை எவன் வாங்கறான்னு மொதல்ல சொல்லுங்க. எங்கிட்ட வர்ற ஹோட்டல்காரன் பச்சைக் காய் அஞ்சு ரூபா கொறைஞ்சா ஐஸ் காயைத் தொட மாட்டான்" என்றார். எழுபது பக்க அறிக்கையில் இந்தக் கேள்விக்கு ஒரு பத்திதான் இடம் இருந்தது.

உறைதல் என்பது என்ன

கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் எந்திரம் விற்பவர் சொல்வதெல்லாம் வேதமாகிவிடும்.

காயைக் கழுவி, நறுக்கி, கொதிநீரிலோ ஆவியிலோ ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுப்பார்கள். காய்க்குள் இருக்கும் நொதிகளை அடக்குவதற்காக. இதைச் செய்யாமல் உறையவைத்தால் ஃப்ரீசருக்குள்ளேயே நிறமும் மணமும் மாறிவிடும். உடனே குளிர்நீரில் ஆற்றி, தண்ணீரை வடித்து, பூஜ்யத்துக்குக் கீழே 35, 40 டிகிரி குளிர்காற்று வீசும் எந்திரத்துக்குள் விடுவார்கள். காய்த் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்றில் துள்ளிக்கொண்டே தனித்தனியாக உறையும். ஐ.க்யூ.எஃப் என்று சொல்வது இதைத்தான். இந்த வேகம் முக்கியம். வீட்டு ஃப்ரிட்ஜில் மெதுவாக உறையும்போது காய்க்குள் பெரிய பனிப் படிகங்கள் உண்டாகி செல்சுவரைக் கிழித்துவிடும். வெளியே எடுத்தால் காய் தொளதொளவென்று தண்ணீர் விடும். வேகமாக உறைந்தால் படிகம் பொடியாக இருக்கும், காய் கட்டுக்கோப்பாக இருக்கும். பிறகு வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியிலேயே இருக்க வேண்டும். ஆலையில், லாரியில், கிடங்கில், கடையில் எங்கும். ஒரு இடத்தில் கரண்ட் போனாலும் போச்சு. கடையில் பட்டாணிப் பொட்டலத்தைக் குலுக்கிப் பாருங்கள், மணி மணியாக ஓடினால் சரி. கல்போல ஒரே கட்டியாக இருந்தால் நடுவில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

பட்டாணி, மக்காச்சோளம், பீன்ஸ், கேரட் உறைதலைத் தாங்கும். முருங்கை, வெண்டை, கோவை, பாகல், சேனை, மரவள்ளி, உரித்த சின்ன வெங்காயம் தாங்கும். தக்காளியும் வெள்ளரியும் சுரையும் தண்ணீராகிவிடும். கத்தரி கறுத்துக் குழையும். அறிக்கையில் கத்தரியும் பட்டியலில் இருக்கிறது. எழுதியவர் மணப்பாறைக் கத்தரியைச் சமைத்ததில்லை போலும்.

இன்னொரு விஷயம், நம் இயக்கத்து நண்பர்கள் சிலர் உறைந்த காய் என்றாலே ரசாயனம் கலந்தது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கெடாமல் வைப்பது குளிர்தான், பாதுகாப்பு மருந்து தேவையில்லை. வெந்நீரில் முக்கும்போது வைட்டமின் சி கொஞ்சம் போகும், அதற்குப் பிறகு இழப்பு மிகக் குறைவு. ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் கிடந்த 'ஃப்ரெஷ்' காயைவிட இது பல நேரம் மேல். பயப்பட வேண்டியது வேறு. காய்ந்த பட்டாணியை ஊறவைத்துப் பச்சைச் சாயம் ஏற்றி 'பச்சைப் பட்டாணி' என்று விற்பது. தண்ணீரில் அரைமணி நேரம் போட்டுப் பாருங்கள், தண்ணீர் பச்சையானால் சாயம். மற்றபடி, வயலில் அடித்த பூச்சிக்கொல்லி உறையவைப்பதால் போய்விடாது. மருந்தடித்த காய் உறைந்தாலும் மருந்தடித்த காய்தான். நஞ்சில்லாக் காய்க்கு இங்கே ஓர் இடம் உண்டு என்பது என் எண்ணம். ஆனால் ஏற்றுமதிக்கு நம் பங்கேற்புச் சான்று போதாது. மூன்றாம் தரப்புச் சான்றும், ஆலையில் மற்ற காயோடு கலக்காமல் தனியே ஓட்டும் ஏற்பாடும் வேண்டும்.

கணக்கு

வேளாண் உள்கட்டமைப்பு நிதி என்று 2020-ல் ஒரு லட்சம் கோடிக்கு மத்திய அரசு அறிவித்த திட்டம் இருக்கிறது. இரண்டு கோடி வரை கடனுக்கு 3 சதம் வட்டிச் சலுகை, ஏழு ஆண்டுகளுக்கு. உத்தரவாதத்துக்கும் வழி உண்டு. அறிக்கை அதை நம்பித்தான் போட்டிருக்கிறது. உறையாலையின் எல்லா எந்திரமும் அந்தத் திட்டத்தில் அடங்குமா என்பதை வங்கி மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். அவர் அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விடுவார். நானே அப்படிப் பதினோரு ஊர் போனவன்.

9 சதம் வட்டியில் 3 சதம் சலுகை போக 6 சதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோடிக்கு முதல் ஆண்டு வட்டி 12 லட்சம். அசலை ஏழால் வகுத்தால் ஆண்டுக்கு 28 லட்சத்து 57 ஆயிரம். ஆக, முதல் ஆண்டுத் தவணைச் சுமை நாற்பதரை லட்சம். அறிக்கை சொல்வதுபோல் ஆலை ஆண்டுக்கு 300 டன் பொட்டலம் போட்டால், கிலோவுக்குக் கடன் சுமை பதிமூன்றரை ரூபாய். தாங்கும். 100 டன்தான் ஓடியது என்றால் கிலோவுக்கு நாற்பதரை ரூபாய். காய் விலை, கூலி, மின்சாரம், பொட்டலம், போக்குவரத்து எல்லாம் இதற்கு மேல். ஆலையின் வாழ்வும் சாவும் எந்திரத்தின் தரத்தில் இல்லை, வருடத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்பதில்தான். வடக்கே பட்டாணி ஆலைகளே நூறு நாள் பட்டாணி ஓட்டிவிட்டு, மீதி நாளுக்குச் சோளம், கேரட், காலிஃபிளவர் என்று தேடி அலைகின்றன.

திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் மறைந்துகிடப்பது நடைமுறை மூலதனம். விலை விழுந்த இரண்டு மாதத்தில் வாங்கி, பத்து மாதம் வைத்து விற்பதுதான் இந்தத் தொழில். 60 டன் முருங்கையை, எல்லாச் செலவும் சேர்த்துக் கிலோ 60 ரூபாய்க்கு உறையவைத்தோம் என்றால் 36 லட்சம் கிடங்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. சராசரி ஆறு மாதம், 10 சத வட்டி என்றால் ஒரு லட்சத்து எண்பதாயிரம், கிலோவுக்கு மூன்று ரூபாய். வட்டி பெரிதில்லை. அந்த 36 லட்சத்தை வங்கி எளிதில் தராது என்பதுதான் பெரிது. உறைந்த சரக்கை அடகாக ஏற்க வங்கி தயங்கும், ஒரு நாள் மின்தடையில் அடகுப் பொருளே கரைந்துவிடும் அல்லவா? அந்தப் பணம் இல்லையென்றால், காய் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் ஆலை கைகட்டி நிற்கும். காய் கொடுத்த உறுப்பினருக்கும் பணம் நிலுவையில் நிற்கும். உழவர் குழுக்கள் உடைவது அங்கேதான்.

இன்னும் ஒரு புள்ளிவிவரம். நாட்டின் குளிர்ச்சங்கிலியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று 2015-ல் தேசிய அளவில் எடுத்த ஆய்வு ஒன்று உண்டு. குளிர்பதனக் கிடங்கு தேவையில் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்தது, அதிலும் பெரும்பாலானவை உருளைக்கானவை. ஆனால் வயலுக்குப் பக்கத்தில் காயைத் தரம் பிரித்து, முன்குளிரூட்டி, பெட்டியில் அடுக்கும் சிப்பக்கூடம் 70,080 வேண்டிய இடத்தில் 249 இருந்தன. குளிர்வண்டி ஏறக்குறைய 62 ஆயிரம் வேண்டும், பத்தாயிரத்துக்கும் குறைவாக இருந்தன. முதல் கண்ணி இல்லாமல் கடைசிக் கண்ணியைப் பொன்னில் செய்கிறோம்.

முருங்கை விஷயம்

இனி, அறிக்கையில் நல்லதாக நான் பார்த்தது. அது முருங்கையைக் குறிப்பிட்டிருக்கிறது. பெரியகுளத்தின் பி.கே.எம்-1 வந்த பிறகு கரூர், அரவக்குறிச்சி, திண்டுக்கல் தொடங்கி எங்கள் பக்கம்வரை செடிமுருங்கை பரவிவிட்டது. என் சொந்த மண்டிச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒரே தோட்டத்துக் காயைச் சித்திரையில் கிலோ 6 ரூபாய்க்குப் போட்டிருக்கிறேன், மார்கழியில் 120 ரூபாய்க்கும் போட்டிருக்கிறேன். இருபது மடங்கு. பட்டாணிக்குச் சொன்ன காரணங்களில் பருவக் குவிப்பும் விலை வித்தியாசமும் இதற்குப் பொருந்துகின்றன. நறுக்கும் வேலை மிச்சம் என்பது அவ்வளவாகப் பொருந்தவில்லை. முருங்கை நறுக்க எவருக்கும் சோம்பல் இல்லை.

லண்டனிலும் டொரண்டோவிலும் துபாயிலும் தமிழர், மலையாளிகள் கடைகளில் உறைந்த முருங்கைத் துண்டு, கோவைக்காய், துருவிய தேங்காய், மரவள்ளி எல்லாம் பொட்டலமாகத் தொங்குகிறது. டொரண்டோவில் இருக்கும் என் தங்கை மகள், "பெரியப்பா, இங்க சாம்பாருக்கு இதுதான்" என்று படம் எடுத்து அனுப்புவாள். (அவள் அனுப்பிய பொட்டலத்தின் பின்பக்கம் பார்த்தால் குஜராத் முகவரி.) நம் நாட்டுக்காய் வெளிநாட்டுத் தமிழருக்கு உறைந்துபோகிறது, இங்கே நாம் வடநாட்டுப் பட்டாணியை உறைந்து தின்கிறோம். இந்த வியாபாரம் பெரும்பாலும் குஜராத், கேரளத்து ஏற்றுமதியாளர்கள் கையில் இருக்கிறது. அவர்களிடம் எந்திரம் இருக்கிறது, கப்பல் பெட்டி இருக்கிறது, அங்கே வாங்கும் ஆளும் இருக்கிறார். நம்மிடம் காய் இருக்கிறது.

இதை வைத்துக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான். இரண்டரைக் கோடி ஆலைக்கு இப்போது கையெழுத்து வேண்டாம். ஒரு சிப்பக்கூடம் போதும், கழுவும் தொட்டி, தரம் பிரிக்கும் மேடை, எடைக்கருவி, நிழல். முன்குளிருக்கு முதலில் பூசா நிறுவனம் வடிவமைத்த செங்கல் குளிரறை கட்டலாம். இரட்டைச் சுவர், நடுவில் ஈரமணல், மேலே கீற்றுத் தட்டி, கரண்டே வேண்டாம். எங்கள் பக்கத்து வறண்ட கோடையில் வெளிவெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கும். மறுநாள் ராத்திரி வரை காய் வாடாது என்றாலே, இன்றைக்கு விலை இல்லையென்றால் நாளைக்குப் போடலாம் என்ற தைரியம் வரும். முருங்கையை, ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஆலையில் கூலிக்கு உறையவைத்துத் தரச் சொல்லி ஒரு டன் சோதித்துப் பார்க்கலாம். மிஞ்சும் கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றலாகட்டும். வேளாண் பொறியியல் துறை சூரிய உலர்த்திக்கு மானியம் தருகிறது, வெயிலுக்கு வட்டி கிடையாது.

குழுவில் எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. பொறியியல் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய தம்பி ஒருவன், "மாமா, இப்படியே கணக்குப் பார்த்தா எவனும் எதையும் ஆரம்பிக்க முடியாது. குஜராத்காரன் கணக்குப் பார்த்துட்டா உக்காந்திருந்தான்?" என்று கேட்டான். கேள்வி நியாயம்தான். நான் சொன்னேன், "அவன் ஆலை போடறதுக்கு முன்னாடி வாங்கற ஆளைப் பிடிச்சான்டா. நீ ஒரு ஏற்றுமதியாளர்கிட்ட மூணு வருசத்துக்கு இத்தனை டன், இந்த விலைன்னு ஒரு தாள் வாங்கிட்டு வா. அந்தத் தாளை எடுத்துக்கிட்டு நானே உன்கூட பேங்குக்கு வர்றேன்." அவன் கொச்சிக்கு இரண்டு பேரிடம் பேசியிருக்கிறான். ஒருவர் மாதிரி கேட்டிருக்கிறார், துண்டு மூன்று அங்குலம், முற்றல் கூடாது, எச்சத்துக்கான ஆய்வகச் சான்று வேண்டும் என்று.

பங்குனியில் காய் குவியத் தொடங்கியதும் அந்த ஒரு டன்னை அனுப்புகிறோம். பறிகூலியிலிருந்து கொச்சிக் கட்டணம்வரை எழுதி வைக்க ஒரு நோட்டுப் போட்டாயிற்று, கணக்கு எழுதுவது நான். ஆலைப் பங்குக்கென்று முன்பணம் கொடுத்திருந்த பதினேழு பேருக்கும் குழு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நகை மீட்கப்பட்டதா என்று நான் கேட்கவில்லை.